ஓடுதளம் எவ்வளவு நீளம் வேண்டும்?

இரும்பாலை, வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, வெள்ளைக்கல் என்று இத்தனை தொழிலையும் கையில் வைத்துக்கொண்டு, சேலம் ஒரு விமானத்துக்காகக் காத்திருந்த காலம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில் 1993-இல் விமான நிலையம் வந்துவிட்டது. விமானம்தான் நிலைக்கவில்லை, வரும், கொஞ்ச காலம் ஓடும், நின்றுபோகும். உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25 அன்று சென்னைக்கு மறுபடி தொடங்கிய சேவையும் 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் திரும்பவும் வந்திருக்கிறது.

அந்தச் சின்ன நிலையத்தை எனக்கு மனதாரப் பிடிக்கும். உள்ளே நுழைந்தால் மொத்தமும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஸ்கேன் கவரை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் முதல்முறை பறக்கப் போகும் அம்மாக்கள், போர்டிங் பாஸை இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். வந்து நிற்பது ஏடிஆர் ரகம், எழுபது பேருக்குச் சற்றுக் கூடுதலாக ஏறலாம். முன்பக்கம் சாமான்களுக்கு, ஆட்கள் ஏறுவது வால் பக்கத்துப் படியில். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரையைப் பார்க்க எதுவும் மறைக்காது.

கிளம்பினால் கிழக்கே சேர்வராயன் மலை. எல்லோர் போனும் அந்தப் பக்கம்தான் திரும்பும். நான் பார்ப்பது சுற்றுச்சுவருக்கு வெளியே இருக்கும் காடுகளை. வரப்பும் தென்னையும், சதுரம் சதுரமாக இறங்கும் கிணறுகளும் தெளிவாகத் தெரியும். 2018-இல் விரிவாக்கத்துக்காகக் கேட்ட சுமார் 570 ஏக்கர், காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய இந்த நாலு ஊர்களில்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து சென்னைக்குத் திட்டமிட்ட எட்டுவழிச் சாலைக்கு அளவுக்கல் நட்டதும் அதே ஆண்டுதான். சென்னைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்ற ஒரே ஆசை, தரையிலும் ஆகாயத்திலுமாக இரண்டு பக்கமும் நிலம் கேட்டது.

சுவரோரக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அந்த நாட்களில் பேச்சுக் கொடுத்தேன். "பணம் தர்றாங்களாம் கண்ணு. கெணறு வெட்டுன கடனே போன வருசந்தான் தீந்துது. தண்ணி இப்பத்தான் நிக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற எனக்குத்தான் பதில் வரவில்லை.

வேகம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. சென்னையில் அப்பாவுக்கு அவசர ஆபரேஷன் என்று போன் வந்த காலையில், அவரை உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவர் கையைப் பிடிக்க முடிந்தது இந்த விமானத்தால்தான். ஐந்து மணி நேர ரயிலில் போயிருந்தால் முடிந்திருக்காது. அதனாலேயே இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை: என் அவசரத்துக்கு எவ்வளவு நிலம் போதும்?

இங்கே இப்போது இருக்கும் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். ஏடிஆருக்கு அது தாராளம். இத்தனை முறை சேவை நின்றதில் ஓடுதளத்தின் மேல் பழி போட இடமில்லை. கம்பெனிகள் நொடித்தன, கணக்கு கட்டவில்லை. இருப்பதில் தினமும் நம்பிப் போகும்படி விமானம் ஓட்டிக் காட்டாமல், பெரிய விமானம் இறங்க நிலம் கேட்பது நியாயமில்லை என்பது என் திடமான எண்ணம்.

இரும்பாலைக்கும் ஒரு காலத்தில் நிலம் கொடுத்த ஊர்தானே இது என்பார்கள். உண்மைதான். 1970-இல் அடிக்கல் நட்ட அந்த ஆலை, தலைமுறையாகப் பல வீடுகளில் சம்பளமாக உலை வைத்தது. ஓடுதளத்தை நீட்டினால் நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு அப்படி என்ன வரும்? கொடுத்தவர் சுவருக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பார். உள்ளே ஏறுவது நானும் என்னைப் போன்றவர்களும். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் மிச்சமாகும் பொழுதை நாம் பெரும்பாலும் இன்னொரு மீட்டிங்கில்தான் செலவழிக்கிறோம். அப்பாவின் கையைப் பிடிக்கப் போகும் காலை வருவது அபூர்வம். அந்த அபூர்வத்துக்கு இப்போதிருக்கும் ஏடிஆரே போதுமானதாக இருந்தது.

சேலத்துக்குப் பெரிய விமானம் வேண்டும் என்று மனு எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடுமுன் பொட்டியபுரத்துக்கும் சிக்கனம்பட்டிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஒரு கிணற்று மேட்டில் உட்கார்ந்து, அதை வெட்ட என்ன ஆயிற்று என்று கேளுங்கள். விமான நிலையத்துக்குப் போகிற வழியில்தான் அந்த ஊர்கள் இருக்கின்றன.