அரியது என்பதால் ஆகுமானதா?

பழைய திரைப்படங்களைச் சேகரிப்போரில் சிலருக்கு ஒரு தனி வேட்கை உண்டு. எவரும் மதிக்காமல் விட்ட 'வயது வந்தோர்' படங்களைத் தேடிப் பிடிப்பதே அது. சில்க் ஸ்மிதா நடித்த மலையாளப் படமான 'லயனம்' (1989) போன்றவற்றின் பூஞ்சணம் பிடித்த வீடியோ நாடாவும் அவர்களுக்குப் புதையல்தான்.

அவர்கள் சொல்லும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இந்தியாவில் 1,300 வரையான மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை மிகச் சில. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' அழிந்தே போயிற்று. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைப் படச் சுருள்களும் எரிந்தன. எது பெறுமதியானது என்று இன்று தீர்ப்பதற்கு நாம் யார், எல்லாவற்றையும் காப்போம் என்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, நூல்களையும் புகைப்படங்களையும் விட்டுவிட்டுப் புத்தளம், கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்கள் வாழும் மண்ணில் இந்தப் பேச்சு ஆழமாகவே தைக்கும்.

ஆயினும் சேகரிப்பவரின் இன்பம் காப்பதில் மட்டும் இல்லை. பிறரிடம் இல்லாதது தன்னிடம் உண்டு என்ற பெருமையும், ஆய்வு என்ற போர்வையில் கூச்சமின்றிப் பார்க்கும் வசதியும் அதில் கலந்துள்ளன. பார்வையைத் தாழ்த்துமாறு சூரா அந்நூர் (24:30) முதலில் ஆண்களுக்கே சொல்கிறது. பழைய படத்துக்கு அதில் விலக்கு இல்லை.

அப்படியானால் எரித்துவிடலாமா? எரித்தால், பெண்களின் உடலைக் காட்டிப் பொருளீட்டிய சந்தைக்கு எதிரான சாட்சியும் சேர்ந்து எரிந்துவிடும். பிர்அவ்னின் உடல் பின்வருவோருக்கு அத்தாட்சியாகக் காக்கப்பட்டதாக சூரா யூனுஸ் (10:92) கூறுகிறது. இழிவின் தடயத்தைப் படிப்பினைக்காக வைத்திருக்க நம் மரபில் இடமுண்டு. சுவைப்பதற்காக வைத்திருக்க இடமில்லை. இங்கே பிர்அவ்னின் இடத்தில் நிற்பது அந்தச் சந்தைதான், நடித்த பெண்ணல்ல.

ஏலூர்ப் பக்கத்து விஜயலட்சுமிக்கு, 'வண்டிச்சக்கரம்' (1980) படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே ஆயுள் முழுதும் ஒட்டிக்கொண்டது. 1996 செப்டம்பரில், 35 வயதில், சென்னையில் இறந்துபோனார். அவரது நாடாக்களைத் தேடி அலைபவர்களில் எத்தனை பேர் இந்த வாழ்வைத் தேடினார்கள்?

அமானிதப் பொருளைக் காப்பவர் அதை அனுபவிக்கலாகாது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த சட்டம். காப்பதுதான் நோக்கமென்றால், 1964 இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற ஓரிடத்தில் நாடாவை ஒப்படைத்துவிடலாம். அதற்கு மனம் இடங்கொடுக்கிறதா என்பதிலேயே சேகரிப்பவரின் நிய்யத் வெளிப்பட்டுவிடும்.