படம் பிடிக்குமுன் ஸலாம்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டன்லப் ஸ்திரீட்டில் நிற்போருக்கு ஒரு காட்சி பெரும்பாலும் தவறுவதில்லை. காமிராவைக் கழுத்தில் மாட்டிய நாலைந்து பேர் அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பைப் படம் பிடிப்பார்கள். பிறகு அஞ்சடியில் ஏறி, பூக்கட்டும் மாது, மூட்டை இறக்கும் ஆள், வெற்றிலைக் கடைக்காரர் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டே போவார்கள். இப்பொழுது நம் வாலிபர்களும் அவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். இது நல்ல காரியமே என்று நம்மில் ஒரு சாரார் சொல்ல, மறு சாரார் முகம் சுளிக்கின்றனர். இதைப் பற்றி நம் மனத்தில் பட்டதை எழுதுகிறோம்.

முதலில், உருவப்படம் ஆகுமா ஆகாதா என்ற பழைய வழக்கு. உயிருள்ளவற்றின் உருவம் சமைப்போரைக் கண்டிக்கும் ஹதீஸ்களை நாம் அறிவோம். அவற்றை இலேசாகத் தள்ள நமக்குத் துணிவில்லை. ஆனால் 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்-முத்தீயீ இதற்கெனவே ஒரு நூல் எழுதினார். காமிரா புதிதாக எதையும் படைப்பதில்லை, அல்லாஹ் படைத்ததன் நிழலைத்தான் பிடித்து நிறுத்துகிறது, ஆகையால் ஆகும் என்பது அவர் வாதம். அதற்கு வெகு முன்பே, 1861இல், எகிப்திய இராணுவ அதிகாரி முஹம்மது ஸாதிக் பே மதீனா முனவ்வராவைப் படம் பிடித்துவிட்டார். ஏற்காத ஆலிம்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய பேணுதலுக்கு நாம் மரியாதை செய்கிறோம். ஆயினும் கடவுச்சீட்டில் முகம் இல்லாமல் நம்மில் எவர் ஹஜ்ஜுக்குப் போகிறார்? கட்டடத்துக்கோ அந்த ஆட்சேபணையே கிடையாது. ஆகவே இவ்வழக்கை இத்துடன் நிறுத்துவோம். நம்மை உறுத்துவது வேறு.

காமிராக்காரர் அந்தப் பூக்கட்டும் மாதிடம் கேட்டாரா?

பிறர் வீட்டில் ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையக்கூடாதென்று சூரா நூர் கட்டளையிடுகிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. வீதி வீடல்லவே என்பார்கள். உண்மைதான். சிங்கப்பூர்ச் சட்டமும் பொது வீதியில் படம் பிடிப்பதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. நம் கடைகளும் எல்லாருக்கும் திறந்தவையே. ஆனால், கடை திறந்திருப்பதால் தட்டிலுள்ள சரக்கு எடுப்பவருக்குச் சொந்தமாகிவிடாது என்பது வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்க்கலாம், விலை கேட்கலாம். எடுப்பதானால் கடைக்காரர் வாயிலிருந்து சரி என்று வர வேண்டும். சரக்குக்கு உள்ள இந்த மரியாதை, அதன் பின்னால் வியர்த்து நிற்கும் மனிதனுடைய முகத்துக்கு இல்லையா?

லோரோங் புவாங்கோக்கில் இக்கேள்வி இன்னும் கடினமாகிறது. பெருந்தீவில் எஞ்சிய கடைசிக் கம்பம் அது, 1956இல் உண்டானது. தகரக் கூரை போட்ட சுமார் 25 வீடுகளில் மலாய்க் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. கிராமத்தைக் காணாத தலைமுறை அதைப் பார்க்கப் பிரியப்படுவது இயல்பே. ஆனால் கம்பத்தில் வீதி எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது? நமக்கு அழகாகத் தோன்றும் அந்தத் திண்ணை அவர்களுக்கு உட்காரும் அறை. கொடியில் காயும் கைலி அவர்கள் உடுத்தும் கைலி.

"கேட்டுத்தான் பிடிக்க வேண்டுமென்றால் பாதிப் படங்கள் கிடைக்கவே கிடைக்கா" என்று ஒரு சகோதரர் நம்மிடம் வாதாடினார். அவர் பேச்சில் பலமுண்டு. ஜெர்மானியரான ஜி. ஆர். லாம்பர்ட் 1867இல் இங்கே ஸ்டூடியோ திறந்தார். அவரும் அவர் போன்றோரும் பிடித்துவைத்திராவிட்டால் அந்நாளைய சிங்கப்பூரை நாம் எதைக் கொண்டு காண்போம்? மார்ஜரி டாகெட் என்ற அம்மையார் 1957இல் இவ்வூர்க் கட்டடங்களின் படங்களைத் தொகுத்து ஒரு புத்தகமே வெளியிட்டார். நம்மவர்களோ அப்பொழுது கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்க்கெட் ஸ்திரீட்டின் பழைய கடைவீடுகள் போய் உயர்ந்த கட்டடங்கள் வந்துவிட்டன. 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் விழாப் படங்கள், மாலையிட்ட பிரமுகர்களோடு, சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கலாம். மணியடித்தவர் படம் யாரிடமாவது உண்டா? தேக்கா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது, சுவர்கள் பிழைத்தன. உள்ளே நடந்த தொழில்களைக் காக்க அந்த அறிவிப்பில் வழியில்லை. ஆகவே படம் பிடிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இன்னும் அதிகமாகப் பிடிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பழைய தபாலட்டைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைப்பாகையோடு நிற்கும் நம்மவர் ஒருவர். அடியில் 'கிளிங்' என்று ஒரே சொல். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நாகப்பட்டினமோ காரைக்காலோ, ஓர் ஊர் இருந்திருக்கும். நம்மில் ஒருவருடைய பாட்டனாராகவும் இருக்கலாம். முகம் கிடைத்தும் ஆள் கிடைக்கவில்லை. கேளாமல் பிடித்ததை விட, கேளாததால் பெயர் போனதுதான் நமக்கு வலிக்கிறது. 1907இல் தொடங்கி 1927இல் முடிந்த அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பில் சூரியன் போல் ஓர் அலங்காரம் உண்டு. அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் திருநாமங்கள் அரபியில் உள்ளன. உருவம் ஒன்றுகூட இல்லை. அதைப் பிடிக்க வருகிறவர்கள் கீழே ஒளுச் செய்கிறவர் பெயரைக் கேட்காமல் போகிறார்கள்.

ஆகவே ஸலாம் சொல்லுங்கள், கேளுங்கள், பெயரும் ஊரும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்டால் காட்சியின் இயல்பு கெடுமே என்போர், முதலில் பிடித்து உடனே காட்டிக் கேட்கலாம். வேண்டாமென்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிட வேண்டும். இதுவும் முழுதும் சரிதானா என்பதில் நமக்குச் சிறிது தயக்கம் உண்டு.

சென்ற வருஷம் தேக்காவுக்கருகில் மசாலை அரைக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். "என் முகம் வேண்டாம் தம்பி. மிஷினைப் பிடிச்சுக்குங்க" என்றார். வருத்தத்தோடு மிஷினைப் பிடித்தோம். பிரதியைக் கொண்டுபோனபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, அதன் பின்புறம் தம் பெயர், அத்தா பெயர், ஊர் மூன்றையும் தம் கையாலேயே எழுதினார். ஊருக்கு அனுப்ப இன்னொரு பிரதி வேண்டும் என்று காசை எடுத்தார்.