மணலில் தொடங்கிய பாடம்

ஜெர்மனியில் இறையியல் படித்த சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். வயது சுமார் 24. கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்தவர் முதலில் மாணவரானார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். அந்த விரல் எழுதிய தமிழ், 1715-இல் புதிய ஏற்பாடாக அச்சேறியது.

இன்று கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறிக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்கும் அதே பாடம்தான்: முதலில் மாணவராகுங்கள். அங்குள்ள பழங்குடிகளுக்கு 'மலையாளி' என்று பெயர். கேட்டதும் கேரளத்தை நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் பேசுவதோ தமிழ்! ஒரு பெயரையே தவறாகப் புரிந்துகொள்கிற நாம், ஒரு வாழ்க்கையை எப்படிச் சட்டென்று புரிந்துகொள்வோம்?

வெளியூரோ வெளிநாடோ, போன இடத்தில் போதிக்க அவசரம் வேண்டாம். அங்குள்ளவர்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுங்கள். அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிழையாகப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

தரையில் உட்காரத் தெரிந்தவருக்கே திண்ணையில் இடம் கிடைக்கும். இன்று யாரிடமாவது ஒரு புதிய சொல் கற்றுக்கொள்ளுங்கள்.