பட்டினியும் ஒரு பணிவிடையா?

நாக்பூரில் ஒரு சத்சங்கம் முடிந்தபின், முதிய அன்னையார் ஒருவர் தயக்கத்துடன் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய பேத்தி வளர்க்கும் தங்கமீன் இரண்டு நாட்களாக வயிறு மேலே தெரிய மிதக்கிறது. கீழே இறங்க வாலை அடிக்கிறது. களைத்து மறுபடியும் மேலே வந்துவிடுகிறது. மீன் விற்றவரோ, மூன்று நாட்களுக்கு இரை எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். "காக்கைக்கு வைக்காமல் நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. நோயாளியான ஜீவனைப் பட்டினி போடுவது பாவமில்லையா?" என்றார்.

பூத யக்ஞத்தை ஐந்து பெரும் வேள்விகளுள் ஒன்றாக வைத்த மரபில் வந்தவர்கள் நாம். ஆகவே இந்தக் கேள்வியைச் சிறியதென்று தள்ளிவிட முடியாது.

முதலில் அந்த உயிரின் உடலமைப்பைப் பார்ப்போம். தங்கமீனுக்கு நம்மைப் போன்ற இரைப்பை கிடையாது. விழுங்கிய உணவு நேராகக் குடலுக்குச் செல்கிறது. நீரில் நிலைத்து நிற்க உதவும் காற்றுப்பையும் மெல்லிய குழாய் ஒன்றினால் உணவுக் குழலோடு இணைந்திருக்கிறது. உலர்ந்த இரை மிகுதியாகிக் குடல் புடைத்தாலும், மிதக்கும் இரையோடு காற்றையும் சேர்த்து விழுங்கினாலும், மீன் சமநிலை இழக்கக்கூடும். அழுக்கு நீரும் நோய்த் தொற்றும்கூட இதற்குக் காரணமாகலாம். நம்மைப் போல் உடலைச் சூடாக வைத்திருக்க அது உணவைச் செலவிடுவதில்லை. எனவே வளர்ந்த தங்கமீன் சில நாள் உபவாசத்தை எளிதில் தாங்கும்.

பேச்சினிடையே மற்றொன்றும் தெரிந்தது. அன்னையார் தினமும் ஐந்தாறு முறை இரை தூவி வந்திருக்கிறார். கை நிழல் தெரிந்தால் மீன் ஓடி வந்து வாய் திறக்குமாம். அது பழக்கம், பசியென்று கொள்ள வேண்டியதில்லை. மீன் விழுங்குவதைக் கண்டதும் குளிர்ந்தது யாருடைய உள்ளம்? நம் வீடுகளில் குழந்தைக்கு ஊட்டும்போதும், விருந்தினரை வற்புறுத்தி உண்ணச் செய்யும்போதும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்.

1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், ஜீவர்களிடம் தயை காட்டுவதைவிட, அவர்களைச் சிவமாகக் கண்டு சேவை செய்வதே உரியது என்று உணர்த்தினார். இளைஞர் நரேந்திரர் அங்கிருந்து அதைக் கேட்டார். தயை கொடுப்பவனின் மனநிறைவோடு முடிந்துவிடலாம். சேவையோ, பெறுபவருக்கு எது வேண்டும் என்று விசாரிக்காமல் தொடங்கவே முடியாது. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயமும் தானத்திற்கு இடம், காலம், பாத்திரம் மூன்றையும் கருதச் சொல்கிறது. புடைத்த குடலுக்கு இரை தூவுவது காலமறியாத தானம்.

இரண்டு மூன்று நாள் இரையை நிறுத்துவதும், பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைச் சிறிதளவு நசுக்கிக் கொடுப்பதும் பலரும் கைக்கொள்ளும் முறை. அதனினும் முக்கியமானது நீர். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரால் கால்பங்கை மாற்ற வேண்டும். சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கழிவின் அமோனியா விரைவில் சேர்ந்துவிடும். அங்கு எந்த மருந்தும் பயன் தராது.

இன்னொரு கடனும் நமக்கு உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் கெண்டை இனத்திலிருந்து தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை தங்கமீன்கள். பின்னர் கண்ணுக்கு அழகென்று சிலவற்றின் உடலை உருண்டையாகக் குறுக்கினார்கள். உள்ளுறுப்புகள் நெருக்குண்ட அந்த வகைகளையே இந்த நோய் அதிகம் வருத்துகிறது. அந்த வருத்தத்தில் மனிதனின் ரசனைக்கும் பங்கு இருக்கிறது.

"அப்படியானால் கோயில் குளத்தில் விட்டுவிடலாமே, புண்ணியமாவது கிடைக்கும்" என்றார் அருகிலிருந்த அன்பர். நீந்த இயலாததைக் குளத்தில் விடுவது கைகழுவுவதேயாகும். நலமான தங்கமீனை விட்டாலும் அங்குள்ள உயிர்களுக்குத் தீங்கு நேரலாம்.

சில மீன்கள் குணமாவதில்லை. நீர் மட்டத்தைக் குறைத்து, இரையைக் கையால் வாயருகே நீட்டி, அப்படியே நெடுநாள் காப்பாற்றுபவர்கள் உண்டு. கேட்பதற்கு எளிது, தினமும் செய்பவருக்கே அதன் அருமை தெரியும்.

அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மூன்று நாளும் நானும் ஒருவேளைதான் சாப்பிடுவேன்" என்றார். அதனால் மீனுக்கு என்ன பயன் என்று அன்பர் கேட்டார்.

"மீனுக்கு ஒன்றுமில்லை, என் கை சும்மா இருக்க வேண்டுமே!" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.