இம்புட்டையும் யாரு அடுக்குனது?

பால்கே என்றால் நமக்கு ‘ராஜா ஹரிச்சந்திரா’தான் ஞாபகம் வரும். 1915 வாக்கில் வெறும் தீக்குச்சிகளை நடிக்கவைத்தும் அவர் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார். மராத்தித் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘தீக்குச்சிகளின் கும்மாளம்’. அதற்கு முன்பே, 1908-ல், பிரான்சில் எமில் கோல் இதைச் செய்திருந்தார். அப்போது சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று, இங்கே தொடங்கியது 1923-ல்.

ஸ்டாப் மோஷன் செய்முறை எளிது. குச்சியைத் துளி நகர்த்து, கையை எடு, ஒரு படம் பிடி. திரையில் ஒரு நொடி ஓட இப்படி 12 அல்லது 24 படம் வேண்டும். கை விலகிய பிறகுதான் படம் பிடிப்பார்கள். அதனாலதான் குச்சி தானா ஆடுற மாதிரி தெரியுது. பொருளுக்கு உயிர் வர வேண்டுமானால் கை காணாமல்போக வேண்டும். இதில் கொஞ்சம் அநியாயமும் இருக்கிறதா?

எங்க பெரியம்மா சாத்தூர்ப் பக்கம் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ போனவர். கம்பெனியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பள்ளம் வெட்டிய சட்டங்களில் ஒன்றோடொன்று ஒட்டாமல் குச்சி அடுக்க வேண்டும். அப்புறம்தான் மருந்தில் முக்குவார்கள். தீக்குச்சிகள் அணிவகுத்து நடக்கிற ஒரு வீடியோவை அவருக்குப் போனில் காட்டினேன். நாங்களெல்லாம் சிரித்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: “இம்புட்டையும் யாருப்பா அடுக்குனது?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பொருளில் தெரிகிற உயிர், யாரோ செலவழித்த நேரம். அனிமேஷன் கலைஞரின் பெயர் படத்தின் முடிவில் ஓடுகிறது. ‘வாலஸ் அண்ட் க்ரோமிட்’ களிமண் பொம்மைகளில் கைரேகை தெரிந்தால் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். தீப்பெட்டி மேல் பூ இருக்கும், மிருகம் இருக்கும். அடுக்கியவர் இருக்க மாட்டார். அப்படி மறைந்த கைகளில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996-ல்.

கை மறைவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறையாவிட்டால் படமே இல்லை. ஆனால் அங்கே மறைப்பது ஆட்டத்தின் விதி. பார்க்கிற நமக்கும் அது தெரியும். கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. தீப்பெட்டி தானே நடந்து வந்து அலமாரியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஆடுகிற குச்சியைப் பார்த்து மட்டுமல்ல, சும்மா கிடக்கிற குச்சியைப் பார்த்தும் பெரியம்மாவின் கேள்வியைக் கேட்கலாம்.