பென்சில் கோடு

2003-ல் கோவையில் பெர்ல் மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஒரு நண்பரின் வீட்டு மொட்டைமாடி அறைதான் எங்கள் இடம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாலு பக்கத்தில் ஓர் இதழ் கொண்டுவந்தோம். கையால் எழுதியது, டைப் செய்தது எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி முப்பது பிரதி ஜெராக்ஸ் எடுப்போம். எதைச் சேர்ப்பது, எதைத் திருப்புவது என்பதை நான்தான் முடிவு செய்தேன். யாரும் கூடிப் பேசி என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு இல்லை அது. ஜெராக்ஸ் கடை என் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்த வேலை என் கைக்கு வந்தது. வேலையோடு அதிகாரமும் வந்தது.

இதழ் வந்த ஒன்றரை வருஷத்தில் இரண்டே இரண்டைத் திருப்பினேன்.

ஒன்று, கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஒருவர் கொடுத்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பெர்ல் பற்றியதுதான். ஆனால் எந்த விஷயத்தையும் அவர் சொல்லி முடிக்கவில்லை. மீதியை வகுப்பில் வந்து சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு பத்தியையும் பாதியில் விட்டிருந்தார்.

இன்னொன்று, எங்களில் இளையவனான ஒரு தம்பி எழுதியது. அவன் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். அவர் எழுதி வைத்திருந்த நிரல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை இவனுக்கு வந்தது. அந்த நிரல்களைப் படிக்கப் படிக்க மனிதரைத் தெரிந்துகொண்டதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தான். மாறிகளுக்கு அவர் வைத்த பெயர்கள், எங்கே அவசரப்பட்டார், எங்கே பின்னால் வரப்போகிறவனை நினைத்து ஒரு குறிப்பு எழுதி வைத்தார் என்பதெல்லாம் அதில் இருந்தன. பெர்ல் என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. நான் முதல் பக்கத்தின் குறுக்கே பென்சிலால் நீளமாக ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ‘இதில் பெர்ல் எங்கே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று இரண்டு மறுப்பும் எனக்கு ஒன்றுபோலத்தான் பட்டன. நம் இதழுக்குப் பொருந்தாதது, அவ்வளவுதான். முதல் மறுப்பை இன்று கேட்டாலும் அப்படியே செய்வேன். இரண்டாவது வேறு கதை. அது தவறு என்று எனக்கு உறைக்க ஆறேழு வருஷம் ஆனது.

உறைத்தது வேலை நிமித்தம் ஆர்.எஃப்.சி. ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில். இணையம் எந்த விதிகளின்படி ஓடுகிறது என்பதைச் சொல்லும் தொடர் அது. 1969 ஏப்ரல் 7 என்ற தேதியோடு முதல் ஆவணம் வந்தது. எழுதிய ஸ்டீவ் குரோக்கர் அப்போது லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர், வயது 24. தங்கியிருந்த வீட்டில் நண்பர்கள் உறங்கிக்கொண்டிருந்ததால், அவர்களை எழுப்ப மனமில்லாமல் இரவில் குளியலறையில் உட்கார்ந்து எழுதியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தயக்கம் தொடரின் பெயரிலும் இருக்கிறது. ‘ரிக்வெஸ்ட் ஃபார் கமென்ட்ஸ்’. கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்பவர் கட்டளை இடுவதில்லை.

அதே மாதம் வந்த மூன்றாவது ஆவணத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தொடரில் எதையெல்லாம் எழுதலாம் என்று குரோக்கர் அதில் சொல்கிறார். வலையமைப்பு பற்றிய எந்த எண்ணமானாலும் சரி. மெருகேற்றிக்கொண்டு காலம் தாழ்த்துவதைவிட உடனே அனுப்புவது மேல். உதாரணம் இல்லாத கருத்து வரலாம், முன்னுரை இல்லாத யோசனை வரலாம், விடைக்கு முயலாத வெறும் கேள்வியும் வரலாம். குறைந்தபட்ச நீளம் ஒரு வாக்கியம். காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்: எழுத்தில் வந்துவிட்டாலே அதை இறுதி வார்த்தையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது, அரைகுறை எண்ணத்தை நாலு பேர் முன் வைக்கவும் கூசுகிறோம், இரண்டையும் தளர்த்த வேண்டும். அந்த 1969 முடியும்போதும் வலையமைப்பில் இருந்தவை நாலே இடங்கள்தான். இந்தக் குறிப்புகள் தபாலில்தான் போய்ச் சேர்ந்தன. எங்கள் மொட்டைமாடிக் கூட்டத்தைப் போலச் சின்னக் கூட்டம். எங்களுக்கும் அப்படி ஒரு விதி எழுதியிருக்கலாமே என்று நினைத்தபோது நெஞ்சில் ஏதோ குத்தியது.

இப்படித் திறந்த கதவு வழியாக என்னென்னவோ உள்ளே வந்தது. மனநோயாளிபோலப் பேசும் ஒரு நிரலும் மருத்துவர்போலப் பேசும் ஒரு நிரலும் தங்களுக்குள் நடத்திய உரையாடல் 1973-ல் 439-ஆம் ஆவணமாக வந்தது. கவிதைகள் வந்தன. புறாக்காலில் தரவைக் கட்டி அனுப்பும் முறைகூட 1990 ஏப்ரல் முதல் தேதியில் வந்தது. இவையெல்லாம் வந்த அதே வரிசையில்தான் 1981-ல் 793 என்ற எண்ணில் டி.சி.பி. நெறிமுறையும் வந்தது. இன்று நாம் அனுப்பும் செய்தி வழியில் சிதறாமல் போய்ச் சேருவதற்குப் பெரும்பாலும் அதுதான் அடிப்படை.

திறந்து வைத்ததற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. தொடரில் ஓர் எண் கிடைத்ததையே, எங்கள் பொருள் தர அளவாக ஏற்கப்பட்டுவிட்டது என்று விளம்பரம் செய்யச் சிலர் கிளம்பினார்கள். 1995-ல், எல்லா ஆர்.எஃப்.சி.யும் தர அளவு ஆகாது என்று சொல்வதற்கே 1796 என்ற எண்ணில் ஓர் ஆவணம் போட வேண்டி வந்தது. அப்போதும் அவர்கள் கதவைச் சாத்தவில்லை. எது என்ன தகுதி உடையது என்பதை விளங்கச் சொன்னார்கள். எனக்கு அன்று தோன்றாத வழி இதுதான். ‘இது பெர்ல் பாடம் அல்ல’ என்று தலைப்பின் கீழ் ஒரு வரி போட்டிருந்தால் போதும், அந்தத் தம்பியின் மூன்று பக்கமும் எங்கள் இதழில் இடம் பிடித்திருக்கும்.

1796-ஐ எழுதியவர்களில் ஒருவர் ஜான் போஸ்டல். ஏறக்குறைய தொடரின் தொடக்கத்திலிருந்தே அதன் ஆசிரியர். வந்ததை எல்லாம் அப்படியே அச்சேற்றியவர் இல்லை. இணையத்தின் எண்களையும் பெயர்களையும் ஒதுக்கும் பொறுப்பையும் சேர்த்துப் பல வருஷம் சுமந்தவர். 1998 அக்டோபர் 16-ல் தன் 55-ஆம் வயதில் இறந்தார். மறுநாளே அவருடைய நண்பர் விண்ட் செர்ஃப் அவருக்கு ஓர் அஞ்சலி எழுதினார். அது அந்தத் தொடரிலேயே, 2468-ஆம் ஆவணமாக வந்தது.

ஆவணங்களைப் புரட்டிய அந்த நாளில் நான் திறந்து பார்த்தது அதைத்தான். நெறிமுறை இல்லை, எண் அட்டவணை இல்லை. ஒரு மனிதர் போய்விட்டார், அவர் இல்லாமல் என்ன செய்யப்போகிறோம் என்ற துயரம். அது அந்தத் தொடருக்கு உரியதா என்று ஒரு கணமும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. படித்து முடித்தபோது என் பென்சில் கோடு ஞாபகம் வந்தது. தம்பி எழுதியதும் இதைத்தான். தனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போனவருக்கு, அந்த வேலையின் மொழியிலேயே அஞ்சலி. நாங்கள் எல்லோரும் இன்னொருவர் விட்டுப்போன நிரலைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம். அதைவிட எங்களுக்கு நெருக்கமான ஒன்றை அந்த இதழில் யாரும் எழுதவில்லை.

வகுப்பு நடத்தியவரின் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் பெர்ல் இருந்தது. எங்களுக்கென்று ஒரு வரி இல்லை. தம்பி எழுதியதில் எதைப் பற்றியது என்று மட்டும் நான் பார்த்தேன். யாருக்காக எழுதியது என்று பார்த்திருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்திருக்காது. வேறு இடங்களிலும் இதே தவறைச் செய்திருக்கிறேன். என் அப்பா தன் சர்வீஸ் கதையைத் தொடங்கும்போதெல்லாம் “இப்ப எதுக்குப்பா அது?” என்று எத்தனை தடவை நிறுத்தியிருப்பேன். பேச்சு எதைப் பற்றி என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் பேச வந்தார்.

தம்பி அதற்குப் பிறகும் கூட்டத்துக்கு வந்தான், எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. போன மாதம்தான் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கட்டுரை எங்காவது இருக்கிறதா, படிக்க வேண்டும் என்றேன். அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது.

“அது ஒரே பிரதிங்ணா. அவரு சம்சாரத்துக்கிட்ட குடுத்துட்டேன். படிச்சுட்டு பீரோவுல வெச்சுக்கிட்டாங்க.”

என்ன சொல்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்தேன். அவனே சொன்னான்.

“நீங்க பென்சில்லதான கோடு போட்டிருந்தீங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ரப்பர் வெச்சு அழிச்சுட்டேங்ணா.”