வேலில் கட்டிய வேம்பு

ஒரகடம் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு என் பழைய மாணவியோடு போயிருந்தேன். என்னிடம் தமிழ் படித்தவள், இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் நேரே வந்திருந்தாள். காத்திருந்த பெண்களில் பாதிப் பேர் அதே நிறச் சட்டையில் இருந்தார்கள்.

கதவருகே நின்ற பணியாளர் அவள் பெயரைக் கூப்பிட்டார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். கூடம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கேள்வியை இங்கே எழுதினால் நானும் அங்கே நின்று கூவியதாகிவிடும். இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவள் என் கையைப் பிடித்து, "போயிடலாம் மேம்" என்றாள். மருத்துவரைப் பார்க்காமலே திரும்பினோம். கூடத்திலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து ஊருக்கும் செய்தி போக ஒரு போன் போதும்.

பெயருக்குப் பதில் டோக்கன் எண் போதுமே என்று நினைத்தேன். உடனே உறுத்தியது. தொழிற்சாலையில் எண்ணாக இருப்பவளை நோயிலும் எண்ணாக்குவதா? எண் படிக்கத் தெரியாத பாட்டிக்குத் தன் பெயரைக் கேட்பதுதானே ஆறுதல்?

வகுப்பில் அகத்திணை நடத்தும்போது இந்தக் கேள்வி மறுபடி வந்தது. ஐந்திணையில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. புறத்தில் மன்னன் பெயர் முழங்கலாம். அகத்தில் தலைவி, தோழி மட்டும்தான். இந்த விதி பெண்ணை மறைக்கிறது என்று ஒரு காலத்தில் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன். பெயர் இல்லாததால்தான் அவள் தன் நோவையும் ஆசையையும் அவ்வளவு வெளிப்படையாகப் பேச முடிகிறது. அலர் தூற்றும் ஊருக்குக் கைகாட்ட ஆள் கிடைப்பதில்லை.

பெயரை மறைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் இல்லை. ஆனால் வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆள் தெரிந்துவிட்டதால் அது அகம் ஆகாது, புறம் என்றார் நச்சினார்க்கினியர். என் மாணவியின் சட்டையும் அடையாள அட்டையும் அந்த வேம்புதான். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு, அதே கேள்வியைக் கூடத்திலேயே கேட்டிருந்தாலும் அலர் எழுந்திருக்கும்.

சட்டம் இதில் ஒரு பகுதியைத் தொடுகிறது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் சேர்த்த பிரிவு, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும் மருத்துவர் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை. ஆனால் அது மருத்துவரின் வாயைப் பற்றியது. கூடத்தில் நிற்கும் குரலைப் பற்றியதல்ல. என் மாணவிக்கும் அந்தச் சட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுகிற இடத்தில்தான் அந்தக் கூடம் நமக்குள்ளும் இருக்கிறது.

கூப்பிட்ட பணியாளரும் ஒரு பெண்தான், நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பவர். அவரிடம் கேட்க வேண்டியது பெரிதல்ல. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காரணத்தைக் கதவைச் சாத்திய பிறகு கேளுங்கள். நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது, அப்படிச் சாத்த ஒரு கதவு.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மேம். என்னன்னு மட்டும் வேணாம்" என்றாள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவளுடைய உரிமை.